பூசத்துக்குப் பின், சிவராத்திரிக்கு முன்

1974, பிப்ரவரி 8, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி. கடத்தூர்.

கிளம்பியேவிட்டோம். பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று எங்கள் வண்டியைப் பார்த்தார்கள். "டீச்சரம்மா வூட்டையே தூக்கிக்கிட்டுப் போறாங்கடா" என்று ஒருவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. சொல்லட்டும். இந்தப் பயணத்துக்காக இரண்டு வருஷமாக நான் வாங்கிய பேச்சில் இது ஒரு தூசுக்குச் சமம்.

தூசு என்று எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கும். எனக்கு மூச்சு இழுப்பு. பனி ஆகாது, புழுதி ஆகாது, புகை ஆகாது, ஈரம் ஆகாது, நாலு பேர் நெருக்கி நின்றால் அதுவும் ஆகாது. தர்மபுரி டாக்டர் இந்த ஐந்தையும் விரல்விட்டுச் சொல்லி, "இதெல்லாம் இல்லாத இடமா பாத்து இருந்துக்குங்க டீச்சர்" என்றார். அப்படி ஓர் இடம் இருந்தால் அவரே முதலில் குடிபோயிருப்பார். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி, லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பேரில் ஆரோக்கியம் இவருக்கு, இழுப்பு எனக்கு. பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவர்களைத்தான் கேட்கவேண்டும்.

எனக்கு ஒகேனக்கல் பார்க்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது, பக்கத்தில்தானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பக்கத்தில்தான். ஆனால் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போவார்கள். நான் பஸ் ஏற்றிவிட்டுக் கையசைத்துவிட்டு வருவேன். சாயங்காலம் தலை ஈரமும் மீன் வாசமுமாக இறங்கி, "டீச்சர், தண்ணி பாறையிலேர்ந்து கீழ விழுந்து பொகையா மேல வருது டீச்சர்" என்று சொல்வார்கள். மறுநாள் நான் கரும்பலகையில் காவிரியை வரைந்து பாடம் நடத்துவேன். ஆற்றைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஆற்றைப் பார்க்காதவள் பாடம் சொல்வது எவ்வளவு வெட்கக்கேடு என்று எனக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் போனால் நெரிசல், சத்திரத்தில் தங்கினால் ஒட்டடை. அதனால்தான் வண்டியே வீடாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஒரு மிஷன் ஆஸ்பத்திரி கழித்துக்கட்டிய வேன் ஏலத்தில் வந்தது. இவர் அதை வாங்கி, எஞ்சினை இறக்கி ஏற்றி, நோயாளியைப் படுக்கவைக்கும் பலகையை அகலப்படுத்தி எனக்கு மெத்தை போட்டார். எதிர்ப்பக்கம் தண்ணீர் டிரம், சாமான் வைக்கத் தட்டு, பின்கதவில் மடக்கிப் பிரிக்கும் ஒரு பலகை. ஸ்டவ்வை வெளியில் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும் என்று சட்டம். வெளியே இலைப்பச்சை பெயிண்டு. பக்கவாட்டில் இருந்த சிவப்புச் சிலுவையின்மேல் இரண்டு கோட் அடித்துவிட்டதால் இனி தெரியாது என்றார். வெயில் பட்டால் நன்றாகவே தெரிந்தது.

இவ்வளவு செய்தவர் ஒரு நிபந்தனையும் போட்டார். வழியில் ஒரே ஒரு தடவை எனக்கு இழுத்தாலும், எந்த இடமானாலும் சரி, வண்டி அங்கேயே கடத்தூருக்குத் திரும்பிவிடும். அப்புறம் கெஞ்சக்கூடாது, அழக்கூடாது, பேசாமல் இருந்து காரியம் சாதிக்கக்கூடாது. மூன்றாவதுதான் என் பலம் என்று தெரிந்தே சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

அதனால் எல்லாம் நாள் பார்ப்பதில் இருந்தது. சுவரிலிருந்து காலண்டரை இறக்கிப் பாயில் போட்டு, வருஷத்தை மாதம் மாதமாகக் கழித்தேன். ஆடியில் காற்று, பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே ஆற்றில் இருக்கும், வெள்ளம் வந்தால் பரிசலையும் நிறுத்திவிடுவார்கள். ஆவணியிலிருந்து கார்த்திகை வரை மழையும் ஈரமும். மார்கழியைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அந்தப் பனியில் நான் வாசலுக்குக்கூட வரமாட்டேன். தை பிறந்தால் பொங்கல் கூட்டம், பின்னாலேயே பூசம். மாசியில் சிவராத்திரி, மயானக்கொள்ளை. அதோடு புளி உலுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தட்டி ஓடு எடுக்கிற தூசியில் இந்த ஜில்லாவே மஞ்சளாகிவிடும். பங்குனியும் அதே கதை. சித்திரை, வைகாசியில் பள்ளி லீவு. சேலத்துக்காரர்கள் முழுக்க ஒகேனக்கல்லில்தான் குளிப்பார்கள்.

மிச்சம் இருந்தது பூசத்துக்கும் சிவராத்திரிக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. இந்த வருஷம் சிவராத்திரி இருபதாம் தேதி. பூசம் முடிந்தாயிற்று. பனி குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, புளி மரத்திலேயே இருக்கும். அரூர் வண்டிக் கண்டக்டரைக் கேட்டு எந்தெந்த ஊரில் என்றைக்குச் சந்தை என்று தெரிந்துகொண்டேன். மாரியம்மன் கோயில், முனியப்பன் கோயில் ஒன்று விடாமல் விசாரித்தேன். "டீச்சர், நீங்க வேதக்காரங்க, எங்க சாமிய எல்லாம் ஏன் கணக்கெடுக்கறீங்க" என்று பள்ளி மதிய உணவு ஆயம்மாள் கேட்டாள். கூட்டத்துக்கு எந்தச் சாமி என்று தெரியாது, தூசிக்கும் தெரியாது என்றேன். எங்கள் கோயில் காலண்டரையும் பார்த்தேன். சாம்பல் புதன் இருபத்தேழில்தான். சந்துக்குள் ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை.

ஹெட்மாஸ்டர் பள்ளி நடக்கும்போது லீவா என்று முகத்தைத் தூக்கினார். பள்ளி நடக்கும்போது போனால்தானே அங்கே பிள்ளைகள் இருக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்காமல் அந்த நாற்காலியைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை.

அதே நாள், பகல் பன்னிரண்டு மணி. அரூர்.

நேராக ஒகேனக்கல் போகாமல் எதிர்த்திசையில் அரூருக்கு ஏன் வந்தோம் என்றால், தர்மபுரியில் பூசத் தேர்க்கூட்டம் கலையட்டும் என்றுதான். தவிர, சனி ஞாயிறில் அருவிக்குப் போகிறவன் மனிதனே இல்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை என்று குறித்திருந்தேன். அதுவரை பக்கத்தில் சுற்றிக்கொண்டிருப்போம், அருவி முடிந்ததும் பாலக்கோடு, ஓசூர், தளி வரைக்கும் போய்விட்டு, கடைசியில் காரிமங்கலத்தைச் சந்தை இல்லாத நாளாகப் பார்த்துக் கடந்து வீடு திரும்புவோம் என்று ஏற்பாடு.

இவருக்குத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர் கொல்லையில் வண்டியை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். புளி இன்னும் வரவில்லை, காலிச் சாக்குதான் இருந்தது. நான் கணக்குப் பார்த்தது வீண்போகவில்லை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டி நின்றதும் இவர் உடனே இறங்கமாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். எஞ்சின் எப்படி அடங்குகிறது என்று கேட்கிறாராம். வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் இதே சடங்கு. டீ ஆறும், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் எஞ்சின்தான் மூத்த தாரம் என்று நான் கேலி செய்தேன். இவர் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

மண்டிக்காரரின் மனைவி வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். மெத்தையை அழுத்திப் பார்த்தார், டிரம்மைத் திறந்து பார்த்தார், எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் இருக்குதுங்க டீச்சர், கக்கூசு எங்கீங்க?" என்று கேட்டார். ஜில்லா முழுக்கக் காடுதானே என்றேன். அவர் சிரித்து முடித்து, தங்கள் வீட்டுக் கொல்லைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி வீட்டோடு பயணம் போக நினைக்கிறவர்கள் அருவியை விசாரிப்பதற்கு முன்னால் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

பிப்ரவரி 9, சனி. தீர்த்தமலை அடிவாரம்.

அரூரிலிருந்து பத்து மைல். மலைமேல் ஏறவில்லை, எங்களுக்கு ஏறவும் தேவையில்லை. அடிவாரத்துப் புளியமரத்தடியில் வண்டியைப் போட்டு, மலையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கப் படுத்திருந்தேன். மாசி மகத்துக்கு நிற்க இடம் கிடைக்காத இடம் அது. அன்றைக்கு நாங்களும் குரங்குகளும்தான். பின்கதவுப் பலகையில் வைத்திருந்த கேழ்வரகு மாவுப் பையை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய், மரத்தின் மேலிருந்து பிரித்துக் கொட்டியது. மாவு என் தலைமேல் புகையாக இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இவர் எனக்குப் பின்னால் துண்டோடு ஓடிவந்தார். முகத்தைத் துடைத்துவிட்டு, நின்று, என் முகத்தையே பார்த்தார். இழுக்கவில்லை. ஒரு தும்மலோடு போயிற்று. குரங்கு கெடுக்கப்பார்த்த பயணம் என்று அதைக் கடைசிவரைக்கும் மன்னிக்கவில்லை நான்.

பிப்ரவரி 10, ஞாயிறு. தர்மபுரி.

விடியற்காலையில் கிளம்பி முப்பத்தைந்து மைல் வந்து பூசை பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்லக்கூடாது, கேட்டோம். சாம்பிராணிப் புகைக்குப் பயந்து நான் கோயிலுக்குள் போவதில்லை. வெளியே புங்கமரத்தடியில் நின்று, பாட்டு வந்தால் பாடி, மணி அடித்தால் முட்டிபோட்டு, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க மட்டும் ஒரு நடை உள்ளே போய்வந்துவிடுவேன். இவரும் என்னோடு வெளியிலேயே நின்றார். பூசை முடிவில் சாமியார் என்னவோ அறிவிப்பு வாசித்தார். வெளியில் ஒரு கார் கிளம்பிய சத்தத்தில் அது எங்கள் காதில் விழவில்லை. என்ன பெரிய அறிவிப்பு இருக்கப்போகிறது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் நகர்ந்துவிடுவோம் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

அன்று முழுக்க ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் தங்கினோம். பூ விட்டிருந்தது. பூ வாசம் ஆகுமா ஆகாதா என்று டாக்டர் சொல்லவில்லை, அதனால் தாராளமாக முகர்ந்தேன்.

பிப்ரவரி 11, திங்கள். மாலை நாலு மணி. பென்னாகரம் சாலை.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் ஏறக்குறைய இருபது மைல், அங்கிருந்து ஒகேனக்கல் பத்து மைல். பென்னாகரத்தில் தங்கிவிட்டு, செவ்வாய் விடியற்காலையில் ஆற்றில் இருக்கவேண்டும். வெயில் இதமாக இருந்தது. சாலையில் எங்களைத் தவிர ஒரு வைக்கோல் வண்டி, அவ்வளவுதான். "பாத்தீங்களா, நான் பாத்த நாள்" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்று தடவை சொன்னதாக இவர் பிறகு சொன்னார்.

ஒரு வளைவு திரும்பினோம். அடுத்த ஊரின் பேரைச் சொல்லமாட்டேன், நல்ல ஊர் அது, என் புலம்பலில் அதை இழுக்கவேண்டாம். சாலையின் இரண்டு பக்கமும் அவிழ்த்துவிட்ட மாட்டு வண்டிகள். பலூன்காரன். பொரிக்கடை, வளையல் கடை. வாழைமரம் கட்டிய வளைவு. வளைவுக்கு அந்தப்பக்கம், சாலையை அடைத்துக்கொண்டு, தலை தலையாக ஜனம். பேண்டு வாத்தியம் முழங்கியது. நடுவில் நீலப் பட்டுக் கட்டிய சப்பரம், அதன்மேல் வெள்ளை உடுப்பும் நீல இடைக்கச்சையுமாகக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள் லூர்து மாதா.

பிப்ரவரி பதினொன்று. லூர்து மாதா திருநாள்.

எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் லூர்து மேரி.

இதை எப்படி மறந்தேன் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். எங்கள் ஊரில் மாதா திருவிழாவைப் பள்ளி லீவுக்காக மே மாதத்துக்குத் தள்ளிவைத்து எத்தனையோ வருஷமாயிற்று. பிப்ரவரியில் ஒரு சாதாரணப் பூசையோடு சரி. தேதியிலேயே கொண்டாடும் ஊரும் ஒன்று இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. காலண்டரிலும் அதற்குச் சிவப்பு எழுத்து கிடையாது. ஜில்லாவில் உள்ள முனியப்பன்களை எல்லாம் விசாரித்தவள், என் பேர்ச் சாமியை விசாரிக்கவில்லை. அந்த அறிவிப்பு இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

இவர் கோபப்படவில்லை. பின்னால் போய்விடலாம் என்று கியரை மாற்றினார். எங்கிருந்து போவது? பின்னால் நாலு மாட்டு வண்டி வந்து ஒட்டி நின்றுவிட்டது. அதற்குள் பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடிவந்தார். சாயங்கால வெயில் வண்டியின் பக்கவாட்டில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. பச்சை பெயிண்டுக்கு அடியிலிருந்து சிலுவை பளிச்சென்று தெரிந்திருக்கவேண்டும்.

"ஆஸ்பத்திரி வண்டி வந்துட்டுது, வழி வுடுங்க" என்று கத்தினார் அவர். பிறகு ஜன்னலில் தலையை விட்டு, "நல்ல வேளைக்கு வந்தீங்க சார், ஒரு பொம்பள மயக்கம் போட்டுக் கெடக்குது" என்றார்.

நாங்கள் ஆஸ்பத்திரி இல்லை என்று இவர் சொல்லத் தொடங்குவதற்குள் வண்டியை நாலு பேர் தள்ளாத குறையாகக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சாம்பிராணி, வெடிப்புகை, ஆயிரம் கால் கிளப்பிய செம்மண். டாக்டர் விரல்விட்ட ஐந்தில் மூன்று ஒரே இடத்தில். எல்லா ஜன்னலையும் சாத்தினேன். ஈரத்துணியை மூக்கில் கட்டினேன். வீண். நெஞ்சுக்குள் அந்த விசில் மெதுவாகத் தொடங்கியது.

முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். இவருக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன். அப்போது பின்கதவு திறந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தியை அவள் அண்ணன் தூக்கிக்கொண்டுவந்து என் மெத்தையில் கிடத்தினான். அவள் பேர் சவேரியம்மாள். மூன்று நாள் நேர்ச்சை உபவாசம், வெயிலில் நடை, விழுந்துவிட்டாள். நான் நகர்ந்து இடம் கொடுத்து, தண்ணீர் தெளித்து, வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டேன். ஒவ்வொரு கரண்டிக்கும் நான் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கவேண்டியிருந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணா, ஆஸ்பத்திரி அம்மாவுக்கே இழுக்குது" என்றாள்.

முன்சீட்டில் இவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது.

எங்களைக் காப்பாற்றியது அந்தக் கூட்டம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வண்டி பென்னாகரம் போகிறது என்று யாரோ முன்னால் சொல்ல, அது வாய்க்கு வாய் போய், பேண்டு நின்றது. சப்பரம் தூக்கியவர்கள் சாலை ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். நான் விசில் அடிக்கும் நெஞ்சோடு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் பேர்க்காரி எனக்காக ஒதுங்கி நின்றாள். நன்றி என்று சொல்லக்கூட மூச்சு இல்லை. அழுதேன், அழுகை இழுப்பைக் கூட்டும் என்று தெரிந்தும் அழுதேன்.

மாலை ஆறரை மணி. பென்னாகரம்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வெளியே வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். இவர் இரண்டு கையாலும் இரண்டு பக்கம் காட்டினார். சவேரியம்மாளுக்குக் குளுகோஸ், எனக்கு ஊசி. அரைமணியில் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்று விசாரித்தாள். சொன்னேன். ஒகேனக்கல்லில் தன் சின்ன மாமன் மாதப்பன் பரிசல் விடுகிறான், தன் பேரைச் சொல்லுங்கள் என்றாள். போவதில்லை, நாங்கள் வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று இவர் குறுக்கே சொன்னார்.

வெளியே வந்ததும் நான் வண்டியில் ஏறவில்லை. பேசாமல் இருந்து சாதிக்கக்கூடாது என்றுதானே நிபந்தனை, பேசியே சாதிப்பது என்று முடிவெடுத்தேன்.

"சொல்லுங்க, எந்தப் பக்கம் திரும்பப்போறீங்க?"

"தர்மபுரிதான். வேற எது?"

"தர்மபுரிக்கு அந்த ஊரு வழியாத்தான் போகணும். ராவெல்லாம் வெடி. விடிஞ்சா அத்தன வண்டியும் அதே ரோட்டுல வூட்டுக்குத் திரும்பும். திரும்பிப் போனா அதே பொகை, அதே புழுதி. நேரா போனா தண்ணி. உங்க நிபந்தனைய நீங்களே வெச்சுப் பாருங்க, எது எனக்கு நல்லதுன்னு."

இவர் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி மூடினார். பிறகு, விடியட்டும் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அது போதும் எனக்கு.

பிப்ரவரி 12, செவ்வாய். காலை எட்டு மணி. ஒகேனக்கல்.

மலைப்பாதை இறங்கும்போதே சத்தம் கேட்டது. லாரி வருகிறது என்று நினைத்து இவர் ஓரம் கட்டினார். லாரி வரவில்லை. ஆறுதான்.

கூட்டம் என்று ஒரு மனிதர் இல்லை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் பாறைமேல் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மீன் வறுக்கிற அம்மாள் எங்களைப் பார்த்த பிறகுதான் அடுப்பையே மூட்டினாள். புகை வருமே என்று இவர் அவளைக் கெஞ்சி, காற்று அந்தப்பக்கம் போகும்படி அடுப்பை மாற்றிவைக்கச் சொன்னார். சவேரியம்மாளின் மாமன் மாதப்பனைக் கண்டுபிடித்தோம். ஆளுக்கு ஒரு ரூபாய். பரிசலைத் தலையில் கவிழ்த்துக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டார். கிழக்கே மேகம் கறுத்திருந்தது. மழை வருமா என்று பயந்துபோய்க் கேட்டேன். "தை கடைசில எங்கீங்க மழ? சும்மா எட்டிப் பாத்துட்டுப் போயிரும்" என்றார். சொன்ன வாய் மூடுமுன் நாலு தூறல் விழுந்தது. எனக்கு அப்புறம் எந்த நாள்கணக்கிலும் நம்பிக்கை இல்லை. தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. பரிசல் சுற்றிக்கொண்டே போயிற்று. ஒரு திருப்பத்தில் எல்லாம் வெள்ளையாயிற்று. தண்ணீர் பாறையிலிருந்து கீழே விழுந்து புகையாக மேலே வந்தது. பிள்ளைகள் சொன்னது அப்படியே சரி, நான்தான் பலகையில் தப்பாக வரைந்துகொண்டிருந்தேன். நான் ஒற்றைக் கோடாகப் போடுவேன். அது ஒன்றல்ல, பத்து இருபது அருவி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. சாரல் முகத்தில் அடித்தது. புகைதான், ஆனால் இந்தப் புகையை நான் வாயைத் திறந்து விழுங்கினேன். சந்தோஷம் தாங்காமல் சத்தம் போட்டேன். எனக்கே கேட்கவில்லை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டத் திரும்பினேன். இவர் அருவியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், முகம் வெளிறிப்போய். பரிசல் ஆடுகிறது என்று பயமாக்கும் என்று நினைத்தேன். நகர்ந்து என் காதருகே வந்தார்.

"இங்க ஒண்ணுமே கேக்கல லூர்து" என்றார்.

"என்னா கேக்கணும்?"

"உன் மூச்சு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அரூர் மண்டியில், டீக்கடைகளில், மாந்தோப்பில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து இவர் கேட்டுக்கொண்டிருந்தது எஞ்சினை இல்லை. வீட்டில் நான் தூங்கிய பிறகு திண்டில் சாய்ந்து விழித்துக்கொண்டிருப்பாரே, அதுவும் ஒர்க்‌ஷாப் கவலையில்லை. நான் ஒரு பைத்தியக்காரி, மூத்த தாரம் என்று கேலி வேறு செய்திருக்கிறேன். இவருடைய கையைப் பிடித்து என் முதுகில் வைத்தேன். கேட்காவிட்டால் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். மாதப்பன் எங்களைப் பார்த்துவிட்டு, துடுப்பை அந்தப்பக்கம் திருப்பிப் போட்டார். அப்புறம்தான் இவர் தலையைத் தூக்கி அருவியைப் பார்த்தார்.

பிற்பகல் மூன்று மணி. பென்னாகரம் முச்சந்தி.

ஆற்றைவிட்டுக் கிளம்ப மனசே இல்லை. வறுத்த மீன் வாசம் புடவையில் இருந்தது, தலை ஈரமாக இருந்தது. சுற்றுலா போய்வந்த பிள்ளை மாதிரிதான் நான் இருந்திருப்பேன். வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து காப்பாற்றிய மூச்சு இத்தனை வருஷம் எதற்கு என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. இதற்குத்தான் என்று வழியெல்லாம் தோன்றியது. ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். எனக்கு இழுத்தது உண்மை, எல்லோருக்கும் முன்னால் இழுத்தது. நான் கெஞ்சப்போவதில்லை. பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று.

முச்சந்தியில் வலப்பக்கம் தர்மபுரி, கடத்தூர், வீடு. இடப்பக்கம் பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, அதற்கப்புறம் ஓசூர், தளி. தூறல் விழுந்ததில் இரண்டு பக்கமும் புழுதி அடங்கிக் கிடந்தது. இவர் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து, திட்டி, எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். இவர் அசையவில்லை. எஞ்சினை அணைத்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு மூக்கால் நிதானமாக மூச்சு விட்டேன். ஒரு தடவை. இன்னொரு தடவை. இவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, இடப்பக்கம் திருப்பினார்.